அம்மா சிரிக்கும் இடம்

வக்கீல் தம்பிக்கு,

அம்மா போன பிறகு நமக்கு மிஞ்சியது அவள் டப்பிங் பேசிய ஒரே படத்தின் டிவிடிதான். அதில் கீறல் விழ ஆரம்பித்ததுமே, கம்ப்யூட்டர் கடைக்காரர், காப்பி எடுக்க விடாமல் அதில் போட்டிருந்த டிஜிட்டல் பூட்டை உடைத்து எனக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தார்.

காசு கொடுத்து வாங்கிய டிவிடியானாலும் பூட்டை உடைப்பது குற்றமாம். படக் கம்பெனி சார்பில் கடைக்காரருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கீழே உன் கையெழுத்து! மனுஷன் கடையைச் சாத்திவிட்டார்.

நேற்று போனில் என்ன குழைவு! "அக்கா, அந்தக் காப்பியில எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்." வெட்கமாக இல்லையா உனக்கு?

ஒரிஜினலையே அனுப்பியிருக்கிறேன். பூட்டு பத்திரமாக இருக்கிறது. கீறலால் படம், அம்மா சிரிக்கப்போகிற இடத்தில் சிக்கி நின்றுவிடும். சட்டப்படி அங்கேயே உட்கார்ந்திரு.

அக்கா