மூன்றாம் சரணத்தில் வெள்ளைப்போளம்

டிசம்பர் 18

ஆலயத்தில் ஜனவரி ஆறாம் தேதி, பாலன் இயேசுவைப் பார்க்க ஞானிகள் வந்த திருநாளுக்குப் புதுப்பாட்டு வேண்டுமாம். பாடகர் குழுவை நடத்தும் கணக்கு டீச்சர் என்னைத்தான் கேட்டார். "சின்னதா எழுதுங்க சார், போதும்" என்றார். கவிஞனிடம் போய் 'சின்னதா' என்பதா? ஏழு சரணம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்தவன். என் கிறுக்கலையும் நாலு பேர் படிக்கட்டுமே.

டிசம்பர் 21

பல்லவி வந்துவிட்டது. 'தூரம் பாராமல் நடந்தாரே, துயிலும் மறந்து தொடர்ந்தாரே.' மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கண்ணில் நீர். பாட்டுக்காக என்றே வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 23

கடைக்குத் தங்கையின் கணவர் வந்தார். (மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.) குழந்தைக்குத் தெர்மாமீட்டர் கேட்டார். நான் பின்னறைக்கு ஓடி இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே அடுக்கியவைதான்.

என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று இரண்டு வருடம் முன்பு, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று தங்கையிடம் சொன்னவன் நான். அவளும் மிதிக்கவில்லை. பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. மனைவி அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், நான் தெரியாதவன் போல் இருக்கிறேன்.

தெர்மாமீட்டர் எதற்கு? காய்ச்சலா? யாரிடம் கேட்பேன்?

டிசம்பர் 24

காய்ச்சல் இல்லையாம். சும்மா வாங்கி வைத்தார்களாம். மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்கு நிம்மதி.

டிசம்பர் 28

ஒத்திகையில் மானம் கப்பலேறியது. மூன்றாம் சரணம்: 'வெள்ளைப்போளம் ருசித்த பாலன் விரலைச் சப்பிச் சிரித்தானே.' கணக்கு டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், போளம்னா என்னன்னு நெனச்சீங்க?"

"ஏதோ... பால்ல செஞ்ச இனிப்பு."

"அது மரத்துப் பிசின். வாயில வெச்சா கசக்கும். அந்தக் காலத்துல பிணத்துக்குப் பூசுவாங்க."

கட்டைக்குரலில் பாடும் தபால்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். சின்ன வயதிலிருந்து ஆலயத்தில் கேட்ட சொல். ஞானிகள் பாலனுக்குக் கொண்டுவந்த பொன், தூபம், வெள்ளைப்போளம். ஒருநாளாவது அர்த்தம் கேட்டேனா? வெள்ளையாக இருந்தால் இனிக்கும் என்று எவன் சொன்னான்? நான் விற்கிற மாத்திரைகளும் வெள்ளைதான்.

ஜனவரி 3

திருத்திய சரணத்தை மனைவியிடம் பாடிக் காட்டினேன். 'பாலையும் மலையும் தாண்டியே பாலனைக் காண வந்தாரே.' துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கு. அவங்க தேசம் விட்டு தேசம் வந்தாங்க. உங்களுக்கு ரெண்டு பஸ் ஸ்டாப்பு."

ஊருக்கு உபதேசம் செய்ய ஏழு சரணம் எழுதியவன், அவள் மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. தங்கை கதவைத் திறந்து என் வார்த்தையையே திருப்பிச் சொன்னால்? "சொல்லட்டுமே" என்கிறாள் மனைவி. சொல்ல மாட்டாள் என்று ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?

ஜனவரி 4

செருப்பை மாட்டினேன். கழற்றினேன்.

ஜனவரி 6

மனைவி பாடகர் குழுவோடு முன்னதாகவே போய்விட்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறினேன். ஆலய நிறுத்தத்தில் இறங்கவில்லை. துணிச்சல் என்று எழுத ஆசைதான். கூட்டத்தில் நகர முடியவில்லை. ஆனால் நடத்துநர் "இறங்கணுமா சார்?" என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னது நான்தான்.

அடுத்த நிறுத்தம். மூன்றாம் மாடி. மணியை அடித்தேன். தங்கை குழந்தையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். வழியெல்லாம் தயார் செய்த வசனத்தில் முதல் வார்த்தை மட்டும் வந்தது. "நான்..." என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதல்ல போய் கையக் கழுவு. பஸ்ல வந்த கை."

இரண்டு தடவை சோப்புப் போட்டேன். குழாயை மூடினால் நான் அழுகிற சத்தம் கேட்டுவிடும் என்று கழுவிக்கொண்டே நின்றேன்.

"எவ்ளோ நேரந்தான் கழுவுவ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இவ தூங்கிடுவா. சீக்கிரம் வாண்ணே."