ஒரே ஒரு ரிங்

ஜூலை 3
பாப்பா இன்றும் பள்ளிக்குத் தாமதம். டீச்சர் என்னை வரச்சொல்லி, எல்லார் எதிரிலும் நிற்க வைத்து, "உங்க வீட்டுல கடிகாரமே இல்லையாம்மா? இந்த மாசமும் இப்படின்னா பேரை எடுத்துடுவாங்க. நேர அட்டவணை எழுதி ஒட்டுங்க" என்றார். பாப்பாவின் அப்பா லாரி விபத்தில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 4
அட்டவணை எழுதி ஒட்டினேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிண்டியது போல. "அம்மா, குளிக்கிறதுக்கு முன்னாடியே தலை துவட்டச் சொல்லிருக்க" என்று பாப்பா சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று! சாயங்காலமே பை அடுக்கி, சீருடை தேய்த்து, ஷூவை வாசலில் வைத்தோம்.

ஜூலை 5
இன்றும் லேட்.

ஜூலை 9
லேட். எல்லாம் எடுத்து வைத்தும் லேட். அடித்துவிட்டேன், முதுகில். ஏங்க, நான் என்ன பண்ணுவேன்? உங்கள மாதிரி ஒரு அதட்டல் போடத் தெரியலையே. விடியறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வராண்டா துடைக்கப் போகலைன்னா சோறு யாரு போடுவா? இவ படிப்பும் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்?

ஜூலை 10
வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லி, வழக்கத்தைவிடச் சீக்கிரம் பின் சந்து வழியாக வந்தேன். பள்ளி மணி அடித்தாகிவிட்டது. பாப்பா வாசற்படியில் இருந்தாள் — தலை பின்னி, ஷூ மாட்டி, முதுகில் பையோடு.
"ஏன்டி போகல?"
"நீ வரட்டும்னு."
தினமும் தெருமுனையில் என் தலை தெரிந்த பிறகுதான் சந்து வழியாக ஓடுவாளாம்.
"நான் வந்தா என்ன, வராட்டி என்ன?"
"அப்பாவும் டாட்டா காட்டிட்டுத்தானே போனாரு. சேதி வந்தப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன்."
அடித்த முதுகைத் தடவப் போனேன். பைதான் கையில் பட்டது.

ஜூலை 11
அவருடைய பழைய போனுக்குச் சார்ஜ் போட்டு வீட்டில் வைத்தேன். வேலை நடுவில் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன். நான் இருக்கேன், நீ கிளம்புன்னு அர்த்தம்.
"மறந்துட மாட்டியே?"
"மறந்தா வந்து தலையில கொட்டு."

ஜூலை 12
நேரத்துக்குப் போனாள்.

ஜூலை 23
இன்று மறந்தே போனேன். விபத்து கேஸ், தரையெல்லாம் ரத்தம், துடைக்கத் துடைக்க வந்தது. ஞாபகம் வந்தபோது பள்ளி மணி அடித்து வெகுநேரம். ஐயோ, பிள்ளை படியிலேயே உட்கார்ந்திருக்குமே! பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, அலமாரியில் இருந்த போனை எடுத்தேன். ஒரு மிஸ்டு கால். 'வீட்டுக்காரர்' என்று காட்டியது. வந்த நேரத்தைப் பார்த்தேன்.
மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்திருக்கிறது. ஒரே ஒரு ரிங்.
வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் ஷூ இல்லை.