ஐந்தாவது பொட்டலம்

மார்ச் 4, செவ்வாய்

அதிமதுர ஜாடியில் மறுபடி எறும்பு. இந்த நாட்டு மருந்துக் கடையில் என்னைவிட அதற்குத்தான் மருந்து தெரிகிறது. வேரைக் கொட்டித் தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அக்கா வீட்டுக்காரர். நான்கு வருடம் கழித்து! குடை வாங்க வந்தவர் மாதிரி பக்கத்துக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க அத்தான்" என்றேன்.

"அக்காவுக்கு மூணு வாரமா இருமல். உன் கடையில இதெல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னா. அவ சொல்லச் சொல்ல எழுதினேன்."

அவர் ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர். சொன்னதில் ஒரு எழுத்தையும் விடமாட்டார், சொல்லாததைச் சேர்க்கவும் மாட்டார். தாளில் ஐந்து வரி: தூதுவளை, அதிமதுரம், திப்பிலி, ஆடாதோடை, நல்லவேளை. நாளைக்குக் கட்டி வைக்கிறேன் என்று அனுப்பினேன்.

அக்காவா என் கடைக்கு அனுப்பினாள்? அம்மாவின் காய்ச்சலுக்குப் பத்து நாள் கஷாயம் கொடுத்துவிட்டுப் பதினோராம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அம்மா திரும்பவில்லை. "உன் கஷாயத்தை நம்பி அம்மாவை விட்டுட்டோம்." அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். என் தப்புதான் என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை.

மார்ச் 5, புதன்

நான்கு மருந்து டப்பாக்களில் இருக்கிறது. நல்லவேளை இல்லை. அதை யார் கேட்கிறார்கள்? வெள்ளைப் பூவோடு சாக்கடை ஓரம் முளைக்கிற செடி. ஆனால் சளிக்கு அதன் பூவைக் கொடுப்பது உண்டு. அக்காவுக்கு இதெல்லாம் எப்போது தெரிந்தது?

தெருக்கோடி அச்சகத்தின் பின்சுவர் ஓரம் குனிந்து குனிந்து பறித்தேன். "என்னக்கா, ஆட்டுக்கா?" என்றார் அங்கே புத்தகம் தைக்கிற பைண்டர். "ஆமா, நல்லா முட்டுற ஆடு" என்றேன்.

மற்ற நான்குக்கும் அச்சடித்த லேபிள் உண்டு. இதற்கு ஏது? வெறும் தாளில் சுற்றினேன். பையின் மேல் பெரிதாக எழுதினேன்: மூன்று வார இருமல். முதலில் எக்ஸ்ரே எடு. டாக்டர் சரி என்றால்தான் இதைப் பிரி.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கு நானே எழுதியிருக்க வேண்டியது.

மார்ச் 7

அத்தான் பையை வாங்கிப்போய் இரண்டு நாள். ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 8, சனி

அத்தான் போன் செய்தார். "அந்த அஞ்சாவது பொட்டலத்துல என்ன தழைம்மா? அவ கேட்டது நாலுதானாம். கேக்காததைக் கொடுக்கற புத்தி இன்னும் போகலையாங்கறா."

பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று போனை வைத்துவிட்டேன். பட்டியல் என்னிடம் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன் — இருக்கு, குண்டு குண்டா எழுதியிருக்கு! சாக்கடை ஓரமா அலைஞ்சு பறிச்சேன்டி உனக்கு! நான் எது செஞ்சாலும் தப்புதானா? போ.

மார்ச் 12, புதன்

அத்தான் நேரில் வந்தார். நிமோனியாவாம், இடது பக்கம். பத்து நாளைக்கு மாத்திரை. "நீ எழுதினதைப் பாத்துட்டுத்தான் எக்ஸ்ரேவுக்குக் கிளம்பினா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருப்பாங்களாம்."

அவர் போனதும் முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். இவளையும் விட்டிருந்தால்?

மார்ச் 22, சனி

அக்கா வந்தாள். உடம்பு இளைத்திருக்கிறது, வாய் இளைக்கவில்லை. நுழைந்ததும், "எங்கடி அந்தப் பட்டியல்?"

நீட்டினேன். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"இப்படி ஒரு மருந்து இருக்கா?"

"அது ஒரு செடி பேரு அக்கா. அதைத்தானே பறிச்சு வச்சேன்."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் இருமல், இருமலில் சிரிப்பு. வெந்நீர் கொடுத்தேன்.

"மருந்து நாலுதான் சொன்னேன். அப்புறம் உன்னைப் பத்திச் சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்து பாதியில நின்னுடுச்சு. இந்த மனுஷன் அதையும் எழுதிட்டாரா!"

"என்ன சொல்ல வந்தே?"

"நல்லவேளை, நீ இருக்கியேன்னு."

எனக்கும் அப்போதுதான் வாய் வந்தது. "அம்மா விஷயத்துல என் மேலதான் தப்புக்கா."

"தெரியும்" என்றாள். பிறகு டம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."