காலிக் கட்டம்

நாள் 212, 07:10
நிலவின் தென்முனைப் பனிச்சுரங்கம். திரைப் பராமரிப்பு: ஜெஸிந்தா. உணரிகள் சரி. தரவுத்தளம் சரி. கவச உடைகளின் கைத்திரைகள் சரி.

நேற்று இரங்கல் கூட்டத்தில் நான் சொல்லாதது: என் அக்கா மெர்லின் கவனக்குறைவால் சாகவில்லை. நிலையத் தலைவர் குலோத்துங்கன் அப்படித்தான் பேசினார். நான் குனிந்து என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 212, 15:40
அக்காவின் கடைசி ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன்.

"ஏட்டி, கைத்திரையில ஆக்சிஜன் கட்டம் காலியா கிடக்கு. ஒன் ஸ்க்ரீனும் ஒன்ன மாதிரியே வாயத் தொறக்க மாட்டேங்குது."

நான் பதில் சொல்வதற்குள் தலைவர் குறுக்கிட்டார்: "காலியா இருந்தா எல்லாம் சரின்னு அர்த்தம்மா. வேலையப் பாருங்க."

நாள் 213, 09:05
கைத்திரையின் நிரலைத் திறந்தேன். ஆக்சிஜன் கட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பார்ப்பவர் சுரங்கத்துக்குள் இருந்து, அளவு இருபது சதவீதத்துக்குக் கீழே போனால், எண்ணைக் காட்டாதே. தரவுத்தளத்தில் எண் இருக்கும், கட்டத்தில் வராது. எண் குறைவதைப் பார்த்தால் ஆட்கள் பாதி வேலையில் திரும்பிவிடுகிறார்களாம். ஒப்புதல்: குலோத்துங்கன்.

அக்கா கேட்டபோது எண் பதினான்கு. உடனே திரும்பியிருந்தால் வந்து சேர்ந்திருப்பாள்.

நான் படித்த பழிவாங்கும் கதைகளில் வாளோ நெருப்போ தேவைப்பட்டது. எனக்கு நிரலில் ஒரு வரி போதுமாக இருந்தது. அணிந்திருப்பவர் குலோத்துங்கன், இடம் நான்காம் சுரங்கம் என்றால், எண் எதுவானாலும் காட்டாதே.

நாள் 214, 10:20
விசாரணை அறிக்கைக்குப் படம் எடுக்கத் தலைவர் நான்காம் சுரங்கத்துக்குள் தனியாகப் போனார். அக்கா விழுந்த இடம். அவர் தொட்டியில் தொண்ணூற்றொன்று. பொது அலைவரிசையைத் திறந்து வைத்தேன்.

10:52
"ஜெஸிந்தா, என் கட்டம் காலியா இருக்கும்மா. எவ்வளவு இருக்கு?"

"காலியா இருந்தா எல்லாம் சரின்னு அர்த்தம், சார்."

"வெளயாடாத. காலின்னா இருபதுக்குக் கீழ, தொட்டி எங்கயோ கசியுது போல. நான்தானே அப்படி வைக்கச் சொன்னேன். நம்பரச் சொல்லு."

உணவுக்கூடத்தில் எல்லோரும் கேட்டார்கள். அக்காவின் குழு தட்டுகளை வைத்துவிட்டு எழுந்தது.

11:15
நான்காம் சுரங்கத்தின் வாயிலுக்கு வந்துவிட்டார். ஓடி வந்ததில் எழுபத்தாறு. கதவை நிலையத்தின் பக்கமிருந்துதான் திறக்க முடியும். விசையருகே அக்காவின் குழு நிற்கிறது.

"சூசை, நீயாவது தொறப்பா."

அக்காவோடு வேலை செய்த சூசை ஒலிவாங்கியை எடுத்தார். "கட்டம் காலியாத்தான சார் இருக்கு. வேலையப் பாருங்க."

தலைவரிடம் நிமிடங்கள்தான் மிச்சம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எண் என் திரையில் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

நாள் 214, 18:30
அவருடைய காற்று 17:40 வரை இருந்தது. கதவை 18:10க்குத் திறந்தார்கள்.