எந்த ஜாடியில் வேர்ப்பொடி

மார்கழி, வெள்ளி இரவு.

குண்டனி நாட்டு மக்கள் நெஞ்சுவலிக்குத் தின்னும் வேர் பலிக்கிறதா என்று பார்க்க, நாய்களை மயக்கி, இதய ரத்தக் குழாயைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கியிருந்தேன். பாதி நாய்களுக்கு மட்டும் கூழில் வேர்ப்பொடி. இன்று பார்த்தால், கூழ் ஊற்றும் வெள்ளையம்மா எல்லாவற்றுக்கும் பொடியைப் போட்டிருக்கிறாள். கத்தினேன்.

“ஏனுங்க, வாயில்லாச் சீவன்கிட்டப் பந்தி வஞ்சனை பண்ணலாமுங்களா?” என்றாள்.

இந்தச் சோதனை பாழ். போகட்டும், அடுத்தது பிசகாது. இரண்டு ஜாடியிலும் ஒரே நிறப் பொடி இருக்கும்; ஒன்றில் வேர், மற்றதில் வெறும் தவிடு. எது எதுவென்று அவளுக்குத் தெரியாது. அவளிடமே இதைச் சொன்னேன்.

“உங்களுக்குத் தெரியுமில்லீங்க?” என்றாள்.

தெரிந்தால், வேர் தின்ற நாய் தேறிவிட்டதாகவே என் கண்ணுக்குப் படும். அதனால் ஜாடிகளை என் மனைவியே நிரப்பினாள். என்னிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் தூங்கிவிட்டாள். எழுப்பிக் கேட்க எனக்கு இப்போதே வாய் நமநமக்கிறது.