மோதிரம் கீறிய கோடுகள்

அன்பு மகனுக்கு ஆசிகள். முதுகுவலி தேவலையா? நான் சுகம். விடுதி வார்டன் வேலையும் குறைவில்லாமல் நடக்கிறது.

நேற்று எங்கள் விடுதி டிரைவர் தன் காருக்கு மிஷினால் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா இவ்வளவு மினுக்கு?"

"வேற எதுக்கும்மா, விக்கத்தான். ஒரு கீறல் தெரிஞ்சாலும் வாங்க வர்றவன் மூஞ்சியத் திருப்பிக்குவான்."

நீயும் அதே மாதிரி மிஷின் வாங்கியிருப்பதாக உன் தங்கை சொன்னாள். அப்பா போன பிறகு ஒருநாளும் அவர் காரைத் துடைக்காதவன் நீ. காரணமில்லாமல் கைநகம்கூட வெட்டமாட்டாய்.

விற்கும் எண்ணமில்லையென்றால் ஒன்று செய். அப்பா காரில் டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடிக்குக் கீழே அப்பாவின் மோதிரம் பட்டுப் பட்டு விழுந்த கோடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடங்களைத் தேய். தேய்த்து முடித்ததும் டேப்பை எடுத்துவிட்டு, கோடுகள் தெரியும்படி படம் அனுப்பு. வாய்ச்சொல் போதாது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

அம்மா