மைனாவை ஞாயிற்றுக்கிழமை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். பதில் தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். காகிதத்தின் வாயை அப்படி மூட முடியாது. கிழித்துப் போட்டாலும் கவலை இல்லை, இதையே இன்னொரு தாளில் எழுதி உன் வீட்டுக்காரிக்கும் தனியாக அனுப்பிவிட்டேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவரையும் இன்னும் நாலு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மைனாவைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாக எழுதியிருக்கிறாய். நாற்பது நாள் கூடத்திலேயே தங்கி விரதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிட்டு நான் அவளைத் தயாராக வைத்திருக்க வேண்டுமாம். அவளைப் பெற்றவன் நீ என்று நாலு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். அடிக்கோடு போட்டால் உரிமை கூடிவிடுமா? அவளுக்கு இருபத்து மூன்று வயசு ஆகிறது. நான் அனுப்ப மாட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபப்படுவதென்றால் இப்போதே பட்டுவிட்டு மேலே படி.

பட்டணத்தில் இருந்து இருந்து அக்காவுக்கு ஆண்டவன் பயம் விட்டுப்போச்சு என்று வேறு எழுதியிருக்கிறாய். யாரிடம் சொல்கிறாய்? ஐம்பத்தாறு வயசுக்குள் ஒரு நாளாவது பிரார்த்தனையை விட்டவளா நான்? காய்ச்சலில் கிடந்தபோது படுத்தபடியே சொன்னேன். உன் மச்சான் கண்ணை மூடின அன்றைக்கும் சொன்னேன். அன்றைக்கு மட்டும் ஆண்டவனோடு கொஞ்சம் சண்டை போட்டுக்கொண்டு சொன்னேன். எனக்குப் பக்தி சொல்லிக் கொடுக்க நீ வராதே. உனக்கு முதல் வரியைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

இப்போது உன் பெண்ணுக்கு நடந்ததைக் கேள். உனக்குத் தெரிந்தது பாதி, அந்தப் பாதியும் தப்பு.

ஆறு மாசத்துக்கு முன்னால், தையல் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லி உன் வீட்டுக்காரி அவளை பஸ் ஏற்றிவிட்டாள். உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கியபோது பார்த்தேன். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருந்தாள். நாலு வயசில் வீட்டுக்கு வருகிறவர் போகிறவரை எல்லாம் அப்படியே பேசிக் காட்டுவாளே, அதனால்தானே மைனா என்று பேர் வைத்தோம்? அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டினாள்.

ஆனால் பார், நானும் ஏமாந்தேன். காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். எனக்கு ஒரே பெருமை. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டு நர்ஸம்மா மட்டும், "உங்க பிரார்த்தனை பத்து நிமிஷம்தானேக்கா? அந்தப் பொண்ணு மூணு மணி நேரமா என்னத்தச் சொல்லுது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இவள் பிள்ளை பிரார்த்தனை நேரத்தில் படம் பார்க்கிறான், அந்தப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கண் இருந்தும் குருடி.

எங்கள் கடையில் பள்ளிக்கூடச் சட்டைதான் தைக்கிறோம் என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டு மெஷின். இவளைப் பாக்கெட் வைக்க உட்கார்த்தி வைத்தேன். கையில் வித்தை இருக்கிறது உன் பெண்ணுக்கு. கோடு போட்டது போலத் தைத்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தைத்து அடுக்கின அத்தனை சட்டையிலும் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். அறுபத்திரண்டு சட்டை. கட்டிங் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, தைக்கச் சொன்னா பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, நாங்க முன்னால போக நீ பின்னால போறியா?" என்று கத்தினார். அவள் நிமிரவே இல்லை. விரலில் ரத்தம் வந்தது, அதைச் சட்டையில் படாமல் துடைத்துத் துடைத்துப் பிரித்தாள்.

துணி மூட்டை அடுக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படி.

"அத்தை, பாக்கெட் தைக்கிறப்போ மனசுல கெட்ட வார்த்தை வந்துடுச்சு. ஆண்டவனையே அசிங்கமா ஒரு வார்த்தை. அந்த நினைப்போட தைச்ச சட்டைய ஒரு குழந்தை போட்டா அது செத்துப்போயிடும். எந்தச் சட்டை தைக்கிறப்போ வந்துச்சுன்னு ஞாபகம் இல்ல. அதான் எல்லாத்தையும் பிரிச்சேன்."

அப்புறம்தான் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். நடுவில் ஒரு கெட்ட நினைப்பு குறுக்கே வந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமாம். "மூணு மணி நேரத்துல ஒரு தடவகூட முழுசா முடிச்சதில்ல அத்தை" என்றாள். தம்பி, நீயும் நானும் ஊரும் பக்தி என்று கொண்டாடியது இதைத்தான். தண்ணீரில் மூழ்குகிறவள் கையை ஆட்டினாள், நாம் எல்லாரும் கரையில் நின்று நன்றாக நீந்துகிறாள் என்று கை தட்டினோம்.

உன் பெரியவரிடம் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஏதோ கெட்டது உள்ளே புகுந்திருக்கிறது, பிரார்த்தனையை இரண்டு மடங்கு ஆக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தாகத்துக்கு உப்புத் தண்ணீர் கொடுத்த கதை. அதோடு விட்டாரா? முன்வரிசையில் உட்கார்த்தி வைத்து, இந்தப் பெண்ணைப் பாருங்கள் என்று கூட்டத்துக்குக் காட்டினாராமே. நீ பக்கத்தில் நின்று கண் கலங்கினாயாமே. நன்றாக இருக்கிறது.

நர்ஸம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமைதான் மனசு டாக்டர் வருவார். இரண்டாவது மாடி, கடைசி அறை. உட்கார்ந்திருந்தது ஒரு சின்னப் பெண், தும்மிக்கொண்டே பேசியது. தன் ஜலதோஷத்தையே தீர்த்துக்கொள்ளத் தெரியாதது நம் பிள்ளையை என்ன தீர்க்கப்போகிறது என்று நினைத்தேன். சண்டையும் போட்டேன். இது ஆண்டவன் வைக்கிற சோதனை, இதற்கெல்லாம் மாத்திரையா என்று கேட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "நான் உங்க ஆண்டவனோட சண்டைக்கு வரலம்மா. எதை ரொம்ப நேசிக்கிறாங்களோ அதைத்தான் இந்த வியாதி போய்ப் பிடிச்சுக்கும். பச்சக் குழந்தைய வச்சிருக்கிறவளுக்குக் குழந்தைய ஏதாவது செஞ்சுடுவோமோன்னு நினைப்பு வரும். உங்க பொண்ணுக்கு ஆண்டவன்மேல ஆசை, அதனால அங்க வந்திருக்கு. நினைப்பு வர்றது பாவம் இல்ல, அது வியாதி" என்றாள். மைனா அழுதாள் பார், அந்த மாதிரி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. ஆறு வருஷமாகத் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது அந்தப் பிள்ளை.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். அதைக் கேட்டுத்தானே நீ குதிக்கிறாய்? ஒரே ஒரு தடவை பிரார்த்தனை சொல்ல வேண்டும். அதிலும் ஒரு வார்த்தையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல வேண்டும். திருத்தக் கூடாது. எழுந்து வேலைக்குப் போய்விட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. சின்ன வயசில் ஒரு எழுத்து விட்டதற்கு முட்டியில் பிரம்படி வாங்கினவள் நான். முதல் நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடித்த இடம் இரண்டு நாள் எரிந்தது. அவளுக்கு வேர்த்து ஊற்றியது. ஆனால் எழுந்தாள். கடைக்கு வந்தாள். சாயங்காலம் வரை யாரும் சாகவில்லை. இதைவிட ஆண்டவன் வேறு எப்படிப் பேசுவார், நீயே சொல்.

பயிற்சி தொடங்கின அஞ்சாவது வாரம், கட்டிங் மாஸ்டர் கண்ணாடியைத் தேடுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. பன்னிரண்டு மெஷினும் நின்றுபோச்சு சிரிப்பில். நான் துணி அறைக்குள் போய் ஒரு பாடு அழுதுவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அவள் பேருக்கு உன் கடிதம் வந்தது.

அவள் அதை என்னிடம் காட்டவில்லை. நானும், அப்பா எழுதியிருக்கிறார், நல்லதுதான் என்று இருந்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து அவள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். தலையணை ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் மட்டும் கடைத் தையலை விட அழகாக இருந்தது. தையல்காரி கண் சும்மா இருக்குமா? பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்பது மாத்திரை. ஒவ்வொரு நாளும் பிரித்து, உள்ளே வைத்து, மறுபடி தைத்திருக்கிறாள். அதே நாள் கடையில் கரண்ட் போய் நான் மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தேன். தலைவலி என்று கடைக்கு வராமல் வீட்டில் இருந்தவளை அறையில் காணோம். குளியலறையில் ஈரத் தரையில் முட்டி போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தாம். இரண்டு முட்டியிலும் தோல் இல்லை. தூக்கப் போனால், "விடுங்க அத்தை, நடுவுல நிறுத்தினா அம்மா செத்துடுவாங்க" என்று கையைத் தட்டிவிடுகிறாள். நானும் நர்ஸம்மாவும் சேர்ந்துதான் தூக்கினோம்.

அவளுக்கு நீ எழுதிய கடிதத்தை அன்றைக்குத்தான் படித்தேன். ஒவ்வொரு மாத்திரையும் ஆண்டவன் முகத்தில் எறியும் மண் என்று எழுதியிருக்கிறாய். தப்பாகச் சொல்கிற பிரார்த்தனைக்கு அவளைப் பெற்றவள்தான் உயிரால் பதில் சொல்லுவாள் என்று எழுதியிருக்கிறாய். அது பெரியவர் சொன்ன வரியா, நீயே யோசித்த வரியா என்று எனக்குத் தெரிய வேண்டாம். எழுதியது உன் கை. மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி: "நான் இல்லாம போயிட்டா அம்மா தப்பிச்சுடுவாங்கல்ல அத்தை?" இந்த வரிக்கும் அடிக்கோடு போடுடா தம்பி. போட்டுவிட்டுப் பெரியவரிடம் காட்டு.

அவரைப் பற்றி இன்னொன்று. போன வருஷம் கண்ணில் புரை விழுந்ததே அவருக்கு, நாற்பது நாள் விரதம் இருந்தா கரைத்தார்? ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாராமே. அவர் கண்ணுக்கு டாக்டர், என் பிள்ளை மனசுக்கு மட்டும் பட்டினியா?

இப்போது அவள் மறுபடி ஒழுங்காக மாத்திரை போடுகிறாள். என் கண் முன்னால் போட்டு, வாயைத் திறந்து காட்டுகிறாள். பிரார்த்தனையும் நிற்கவில்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவை. நீ ஞாயிற்றுக்கிழமை வருவதைச் சொல்லி, போக இஷ்டமா என்று அவளைக் கேட்டேன். "அப்பா வந்து கூப்பிட்டா நான் போயிடுவேன் அத்தை. எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. எனக்காக நீங்க சொல்லிடுங்க" என்றாள். அதனால் சொல்கிறேன். மாட்டேன். வேன் வந்தால் தெருமுனையிலேயே திரும்பிப் போகும். கடையில் பன்னிரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். கட்டிங் மாஸ்டர் கத்திரிக்கோலோடு வந்து நிற்கிறேன் என்கிறார். பயப்படாதே, அவர் துணியைத் தவிர எதையும் வெட்டத் தெரியாத மனுஷன். ஆனால் சத்தம் நன்றாகப் போடுவார்.

இதோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அந்த டாக்டர் பெண் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று. நான்தான் வாயைத் திறந்தேன். உனக்கு ஒன்பது வயசில், பள்ளிக்கூடத்துக்குப் பாதி வழி போனவன் திரும்பி ஓடிவந்து பிரார்த்தனையை மறுபடி சொல்லிவிட்டுப் போவாய். சில நாள் மூன்று தடவை ஓடி வருவாய். நேரம் கழித்துப் போய் வாத்தியாரிடம் அடி வாங்குவாய். அப்பா அதைப் பார்த்து, இவன் ஆண்டவன் பிள்ளை என்று மீசையை முறுக்குவார். நான் உன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன். வியாதி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை தம்பி. எனக்கும்தான். உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள், இப்போது கூடத்தில் எல்லாரும் போன பிறகும் நீ தனியாக உட்கார்ந்திருக்கிறாயாம். வீட்டுக்கு வந்தால் கண் வீங்கியிருக்கிறதாம். கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறதாம். கேட்டால் எரிந்து விழுகிறாயாம்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. பெரியவரோடு எந்த நாளும் வராதே. அந்த டாக்டர் வருகிற செவ்வாய்க்கிழமை வா, தனியாக வா. நான் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். அந்தச் செவ்வாய் வராவிட்டால் அடுத்த செவ்வாயும் நிற்பேன். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். மைனாவைப் பார்க்க அவள் அப்பா வந்திருக்கிறான் என்றுதான் சொல்வேன்.

உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை, தீர நாளாகும். ஆனாலும் ஆண்டவன் உனக்கு ஒரு நாளாவது மனசில் சத்தமில்லாத ஒரு பொழுதைத் தரட்டும்.

கையில் ஏதாவது எண்ணெய் தடவு.

உன் அக்கா